மைக்கை அடைக்காத நாள்

வெள்ளிக்கிழமை, கிள்ளான்

சட்டமன்றம் கலைந்துவிட்டது. இந்த முறை என் வீட்டுக்காரருக்குத் தொகுதி இல்லை என்று கட்சி சொல்லிவிட்டது. காலையில் தோசைக் கடையில் உட்கார்ந்திருந்தோம். துணை சபாநாயகர் உள்ளே வந்தார். நேரம் முடிந்தது என்று பதவிக்காலம் முழுக்க இவருடைய மைக்கை அடைத்தவர். வீட்டில் இவர் அவரைத் திட்டாத நாளில்லை. ஆனால் பார்த்ததும், அவையில் எழுவது போலவே, கையில் தோசையோடு எழுந்து நின்றுவிட்டார் மனுஷன்! கடையே பார்த்தது.

"உட்காருங்க லா ஒய்பி. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க, இன்னைக்கு அடைக்க மாட்டேன்" என்றார் துணை சபாநாயகர், சட்டமன்ற உறுப்பினருக்கான அதே மரியாதை அழைப்போடு.

"சாம்பார் நல்லா இருக்கு" என்றார் இவர்.

திரும்பும்போது காரில், அவையில் பாதியில் நின்றுபோன வெள்ளப் பிரச்சனைப் பேச்சை என்னிடம் முழுதாகப் பேசினார். வீட்டு வாசல் வந்தும் நான் இறங்கவில்லை.

"நேரம் முடிஞ்சிருச்சா?" என்றார்.

"இல்லைங்க, இன்னும் இருக்கு."