ஒரே அளவில் நான்கு கோடுகள்

காவல் மேடை, நிலவு. திங்கள், காலை 6.10

பணியேற்றேன். காற்றழுத்தம் சரி. திரையில் நான்கு பெட்டி, நான்கு கோடு: வடகூடு, நடுக்கூடு, தென்கூடு, நான் இருக்கும் காவல் மேடை.

இதைக் கண்டெடுப்பவருக்கு வழக்கம் தெரியாமலிருக்கலாம். இங்கே ஆட்கள் வாழும் ஒவ்வொரு கூட்டையும் ஒரு கம்பெனி நடத்துகிறது. அதன் பங்கு விலை, மாதத் தொடக்கத்தில் இருந்ததில் பாதிக்குக் கீழே போனால் அந்தக் கூட்டின் காற்றை இயந்திரமே நிறுத்திவிடும். மேடைக்கும் அதே சட்டம். விலைக் கோடுகளை ஒப்பிட்டுப் பார்த்து, சரிகிற கூட்டிலிருந்து ஆட்களை முன்கூட்டியே வெளியேற்றுவது என் வேலை. கூடுகளைச் சுரங்கப்பாதை இணைக்கிறது; மேடைக்கு அது கிடையாது. வண்டி வெள்ளிக்கிழமைதான் வரும்.

பெயர் அன்னப்பழம். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பேத்தி மதிவதனி வடகூட்டில் தண்ணீர்ப் பொறியாளர். நிலவுத் தேர்வில் முதலிடம். சொந்த விஷயம் எழுதக்கூடாது என்று விதி இருக்கிறது. இருக்கட்டும்.

திங்கள், பகல் 2.40

புது மென்பொருள் போட்டிருக்கிறார்கள். பழையதே தேவலை. ஒரு பெட்டியைப் பெரிதாக்கினால் இன்னொன்று சுண்டைக்காயாகிறது. ஒவ்வொரு பெட்டியின் ஓரத்திலும் விலை எழுதிய எண் பட்டை ஒன்று பாதி இடத்தைத் தின்கிறது. பெரிய திரை கேட்டு மூன்று முறை எழுதினேன். பதில் இல்லை.

பூமியிலிருந்து மென்பொருள்காரன் நவநீதன் பேசினான்.

"பாட்டிம்மா, ஒண்ணு மட்டும் கேளுங்க. ஓரத்துல இருக்கிற எண் பட்டையை..."

"எனக்குக் கோடு பாக்கத் தெரியும் தம்பி. நீ பொறக்குமுன்னயே பாத்தவ."

இணைப்பைத் துண்டித்தேன். நான்கு எண் பட்டைகளையும் மூடினேன். பெட்டிகள் விரிந்தன. இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

செவ்வாய், காலை 9.05

வடகூடு சரிகிறது. பெட்டியின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு, கயிறு அறுந்த வாளி கிணற்றில் விழுவதுபோல. நடுக்கூடு ஆட்டம், ஆள் கொள்ளாது. தென்கூட்டில் போன மாதக் கடைசியில் ஒரே ஒரு ஊசி உயரமாக நிற்கிறது. யாரோ விலையைத் தப்பாக அடித்துவிட்டார்களாம். அதன்பின் கோடு தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. அமைதியான கூடு.

வடகூட்டு ஆட்கள் எல்லோரும் தென்கூட்டுக்குப் போக அறிவித்தேன். மதிவதனி கூப்பிட்டாள்.

"ஆச்சி, இங்கன ஒண்ணும் தெரியலையே. காத்து நல்லாத்தான வருது?"

"கோடு விழுதுட்டி. புள்ளைகளக் கூட்டிக்கிட்டு நட."

"மூட்டை கட்டவாது விடுதீயளா?"

"மூட்டை மூச்சு விடாது. நட!"

செவ்வாய், பகல் 1.20

மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. யார் கேட்டார்கள்? மூடிய எண் பட்டைகள் திறந்துகொண்டன. திட்டிக்கொண்டே மூடப் போனேன்.

வடகூட்டுப் பெட்டி: உச்சியில் 101, அடியில் 97.

தென்கூட்டுப் பெட்டி: உச்சியில் 2000, அடியில் 0.

மறுபடி பார்த்தேன். ஒவ்வொரு பெட்டியும் தன் கோட்டைத் தனக்கேற்ற அளவில் இழுத்து விரித்துக்கொள்கிறது. வடகூட்டின் நான்கு ரூபாய்ச் சரிவு எனக்குக் கிணறாகத் தெரிந்திருக்கிறது. தென்கூட்டில் அந்த ஊசி உயரத்தைப் பிடித்துக்கொண்டதால், உண்மையான சரிவு தரையாகத் தெரிந்திருக்கிறது.

நான்கையும் ஒரே அளவுக்கு மாற்றினேன். மாதத் தொடக்கம் எல்லோருக்கும் நூறு. வடகூடு 97. தென்கூடு 54. இறங்கிக்கொண்டிருக்கிறது.

மதிவதனி பேசினாள். "எல்லாரும் வந்து சேந்துட்டோம் ஆச்சி. நடந்து கெளம்புன தூசி அடங்கச் சுரங்கக் கதவு பூட்டிட்டு, இனி சாயங்காலம் ஏழுக்குத்தான் தெறக்கும். இங்க எல்லாரும் ஒங்களப் பத்தித்தான் பெருமையாப் பேசுதாவ."



செவ்வாய், பகல் 2.05

தென்கூடு 52. நவநீதனைக் கூப்பிட்டேன்.

"கதவை அங்கேருந்து தொறக்க முடியுமா தம்பி?"

"முடியாது பாட்டிம்மா. தூசி அடங்குற வரைக்கும் யாராலயும் முடியாது. அந்தப் பட்டையத்தான் நேத்து..."

"தெரியுது. வையி."

செவ்வாய், பகல் 2.30

51. நிலவுச் சந்தை சின்னது. நாலு பேர் வாங்கினால் கோடு நிமிரும். ஒருவர் விற்றால் குப்புற விழும். சம்பளத்துக்குப் பதிலாகக் காவல் மேடைப் பங்குகளைத்தான் இத்தனை வருடமும் கொடுத்தார்கள். பாதிக்குமேல் என்னிடம் இருக்கிறது.

விற்கிறேன். வருகிற காசுக்கெல்லாம் தென்கூட்டை வாங்குகிறேன். பொத்தான் ஒரு அமுக்கில் கேட்பதில்லை. "உறுதியா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறது. உறுதிதான், சனியனே.

செவ்வாய், மாலை 4.50

தென்கூடு 57. காவல் மேடை 48.

மேடைக்குக் காற்று தரும் காற்றாடி நின்றது. இந்த இடம் இவ்வளவு அமைதியானது என்று இதுவரை எனக்குத் தெரியாது. மதிவதனி கூப்பிட்டாள்.

"ஆச்சி, இங்கன ஒரு திரை இருக்கு. ஒங்க கோடு ஏன் இப்படி விழுது?"

"சும்மா ஆட்டம்ட்டி. அது சின்னத் திரையா? ஓரத்துல எண் பட்டை இருக்கும் பாரு, அத மூடிரு. பெரிசாத் தெரியும்."

"மூடிட்டேன்."

"கோடு எப்படி இருக்கு?"

"பெரிசாத் தெரியுது. எல்லாம் ஒண்ணுபோலத்தான் ஆடுது ஆச்சி."

"அதான். போயிப் புள்ளைகளப் பாரு."

செவ்வாய், மாலை 6.35

தென்கூடு 55. நிற்கிறது. விற்க இனி ஒன்றும் இல்லை. தலை கனக்கிறது. எழுத்து வளைகிறது.

கண்டெடுப்பவரே, எண் பட்டையை மூடாதீர்கள். பெரிய திரை கேளுங்கள். தரும்வரை கேளுங்கள். நான் மூன்று முறையோடு

7.01

தென்கூட்டுக் கதவு திறந்ததாக விளக்கு எரிகிறது. எல்லோரும் வடகூட்டுக்குப் போக அறிவித்தேன். ஒவ்வொருவராக வெளியே வருவது திரையில் தெரிகிறது. 52. மதிவதனியை இன்னும் காணவில்லை. அவள் கடைசியில்தான் வருவாள். பொறுப்புள்ள பிள்ளை, எல்லோரையும் அனுப்பிவிட்டுத்தான்

51

வந்துவிட்டா