லத்தீன் வகுப்பை நீயே எடு

வெஸ்லி,

நான் கிளினிக் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். வேன் சாவி உன் தொப்பிக்குள் இருக்கிறது. ஹாட்டியை ஒன்பது மணிக்கு சர்ச்சின் கீழ்த்தளத்துக்கு நீதான் கூட்டிப்போக வேண்டும். இறக்கிவிட்டு ஓடிவர முடியாது. பெற்றோரில் ஒருவர் மாலைவரை கூடவே உட்கார வேண்டும், அது அவர்கள் விதி. வகுப்பு வாரத்தில் ஒருநாள்தான்; மீதி நான்கு நாளும் வீட்டில் நாமே சொல்லிக்கொடுக்க வேண்டும். இதெல்லாம் தெரியாமலா, என்னையும் கேட்காமல், பிள்ளையை இந்த வீட்டுக்கல்விக் குழுவில் சேர்த்தாய்?

அந்தக் குழுவை நடத்தும் மார்லிஸ் நேற்று போனில் குழைந்தாள். "டார்லா, லத்தீன் கிளாஸ் நீங்க எடுக்கறீங்களாமே! வேலையக்கூட விடப்போறீங்கன்னு வெஸ்லி சொன்னாரு. எங்க வயித்துல பாலை வார்த்தீங்க!"

நான் வேலையை விடுகிறேனா? யாரைக் கேட்டுச் சொன்னாய்? லத்தீனில் எனக்கு ஒரு எழுத்துத் தெரியுமா?

"அவருக்குத்தாங்க லத்தீன்னா உசிரு. அவரே எடுப்பாரு" என்று சொல்லிவிட்டேன். ஒரு வகுப்பே உனக்காகக் காத்திருக்கும். அவர்கள் அனுப்பிய சிடியைக் கேட்டு முதல் பாடத்தை ஹாட்டி பாட்டாகவே பாடுகிறாள். வண்டியில் போகும்போது அவளிடம் கற்றுக்கொள்.

மதியச் சாப்பாடு பிளாஸ்கில் இருக்கிறது. சோள ரொட்டி அவளுக்கு மட்டும். நீ தொடாதே.

டார்லா

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: நீ அவளைச் சேர்க்கும் முன்பே, போன மாதம் நானும் அங்கே போய் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. உன்னைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.