நீலம் இல்லாத வரைபடம்

3 செப்டம்பர் 2007

பிரஸ்ஸில் காலண்டர் சீசன் வந்துவிட்டது. காலையிலிருந்து முருகன், லட்சுமி படங்களுக்குப் பிலிம் ஒட்டியதில் கழுத்து திரும்பவில்லை. அதற்கு நடுவில் முதலாளி ஒரு அவசர வேலை தந்தார். வெம்பக்கோட்டை ரோட்டில் வீட்டு மனை போடும் நல்லசிவத்தின் நோட்டீஸ், மனைப் படத்தோடு. அச்சடிக்க ஒரு கலருக்கு ஒன்றாக நாலு கலருக்கு நாலு பிலிம். நீலத்துக்கான பிலிமில் ஓடை இருந்தது. ஓடைக்கரையில் ஒன்று முதல் நாற்பது வரை உள்ள மனைகளின் மேலும் கோடு கோடாகப் போட்டு, ஓரத்தில் 'மழை வெள்ளம் ஏறும் பகுதி' என்று எழுதியிருந்தது. சர்வேயர் ஒழுங்காகத்தான் வரைந்திருக்கிறார். நல்லசிவம் பார்த்துவிட்டு, "அந்த நீலம் வேண்டாம்மா, மூணு கலர்லயே போடுங்க" என்றார். நீலப் பிலிமை எடுத்து ஒதுக்கி வைத்தேன். டீ வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

11 செப்டம்பர்

கழுத்து வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

23 செப்டம்பர், ஞாயிறு

தங்கச்சி சண்முகத்தாய் வந்தாள். கையில் அதே நோட்டீஸ்.

அவள் வீட்டுக்காரர் மாரிசாமி பட்டாசு ஆலையில் மருந்து அறை வெடித்ததில் போய் இரண்டு வருசம் ஆகிறது. அதிலிருந்து, நாரணாபுரத்தில் எங்கே 'டம்' என்றாலும் மகளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடுகிறாள். சத்தம் கேட்காத இடமாகத் தேடிக்கொண்டிருந்தாள். எந்த மனையைப் பார்க்கப் போனாலும் அவள் கேட்பது ஒன்றுதான் – பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி எம்புட்டு தூரம்?

"அக்கா, அங்கன சுத்தி ரெண்டு மைலுக்கு ஒரு கம்பெனி கிடையாது. பதினேழாம் நம்பர் பாத்துருக்கேன்" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்த்தேன்.

காபி போடுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். ஏன் சொல்லலை? நீலத்தை எடுத்தது என் கை. வேறென்ன காரணம்.

24 செப்டம்பர்

பிரஸ்ஸில், நல்லசிவத்தின் கவரில் அந்த நீலப் பிலிம் அப்படியே இருந்தது. மற்ற மூன்றின் மேல் வைத்து லைட் டேபிளில் பார்த்தேன். ஓடைப் பக்கம் கோடுகள் நெருக்கம். மேடேற மேடேற விலகிப் போய், நாற்பத்தொன்றாம் மனைக்கு முன்னால் நின்றுவிடுகின்றன. பதினேழு நெருக்கமான கோட்டுக்குள்.

சர்வேயர் வெள்ளத்தைக் கூட்டிப் போட்டிருப்பாரோ? மெஷின்மேன் இருளாண்டிக்கு அந்தப் பக்கம்தான் ஊர். கேட்டேன், சிரித்தார். "அந்தக் காட்டுலயா? ஐப்பசி மழைக்கு ஓடை உள்ள வந்துரும். மருந்து நமுத்துப்போற எடத்துல எவன் தாயி கம்பெனி கட்டுவான்?"

அப்படியென்றால் அங்கே கம்பெனி இல்லாததே தண்ணீரால்தான். இந்த ஊரில் இடம் வாங்கினால் தீ எவ்வளவு தூரம் என்று மட்டும்தான் பார்க்கிறோம். தண்ணீரை யார் நினைத்தார்கள்? குடிக்கவே லாரி வர வேண்டியிருக்கிறது.

28 செப்டம்பர்

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

2 அக்டோபர்

லீவு. நேற்றே பிலிமைச் சேலை மடிப்புக்குள் வைத்து எடுத்து வந்திருந்தேன். கஸ்டமர் படத்தை வெளியே கொண்டுபோனது தெரிந்தால் வேலை போய்விடும். நாரணாபுரம் போய், அவள் நோட்டீஸின் மேல் வைத்தேன். மூலைக்குறிகள் பொருந்தின. எல்லாம் சொன்னேன். எடுத்தது நான்தான் என்பதையும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமையே பத்திரம் முடிந்துவிட்டதாம். நான் 'நாளைக்கு' என்று எழுதிவைத்த அன்று. பாவி நான்.

திட்டவில்லை. அதுதான் தாங்க முடியலை. பிலிமை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: "தண்ணி வந்தா நடந்து வெளிய வந்துரலாம்லக்கா. தீயிலருந்து அவுகளால வர முடியலையே."

பிலிமைத் திரும்பச் சேலை மடிப்புக்குள் வைத்து எடுத்து வந்தேன், நாளைக்குக் கவரில் போட்டுவிட.

14 அக்டோபர்

நல்லசிவத்தைப் போய்ப் பார்த்தேன். தங்கச்சிக்குப் பதினேழுக்குப் பதிலாக மேட்டில் ஒரு மனை கேட்டேன். "ஒருத்தருக்கு மாத்திக் குடுத்தா மத்தவுக சும்மா இருப்பாகளா?" என்றார். பிறகு நிதானமாக, "ஆமா, வெள்ளம் ஏறும்னு ஒங்க தங்கச்சிக்கு எப்படித் தெரியும்?" பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து வந்துவிட்டேன்.

தங்கச்சி வீட்டுக்குப் போனால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மகள்தான் வந்து கதவைத் திறக்கிறாள்.

30 அக்டோபர்

மூன்று நாளாக மழை. மத்தியானம் சண்முகத்தாய் பிரஸ்ஸுக்கே வந்துவிட்டாள். முழங்கால் வரை சேறு. மனையைப் பார்க்கப் போயிருக்கிறாள்.

"எல்லைக் கல்லு ஒண்ணயும் காணோம். தண்ணிக்குள்ள எது என் எடம்னே தெரியல. அந்தப் படத்தக் குடு."

முதலாளி பக்கத்தில் நின்றார். அவர் பார்க்கப் பார்க்க, கவரிலிருந்து பிலிமை எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பதினோரு வருச வேலை. தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கிறது. ஆத்திரமாக வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

18 நவம்பர்

சண்முகத்தாய் காட்டிய பிலிமை நல்லசிவம் வாங்கி மேசைக்குள் பூட்டிக்கொண்டாராம். மனை மாற்றித் தருவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இன்று காலையில் பொன்னுத்தங்கம் என்று ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். இருபத்திரண்டாம் மனைக்காரர். நோட்டீஸை நீட்டி, "ஒங்களுக்கு அந்தப் படம் மனப்பாடம்னு சொன்னாக" என்றார். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. தரையில் விரித்து, பேனாவால் முதலில் ஓடையை வரைந்தேன். பிறகு கோடுகள். இருபத்திரண்டுக்கு மேல் கோடு போகும்போது அந்த மனுசர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். சண்முகத்தாய். பின்னால் நாலைந்து பேர், ஆளுக்கொரு நோட்டீஸோடு.

"அக்கா, இவுகளுக்கும் போட்டுக் குடு" என்றாள். பாயை விரித்து எல்லாரையும் உட்காரச் சொன்னேன்.