வாசலில் ஒரு செம்புத் தண்ணீர்

தலத்தெரு, காரைக்கால்
18.2.1954

அன்புத் தம்பி பூமிநாதனுக்கு அக்கா அஞ்சுகம் எழுதிக்கொண்டது.

நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. எனக்குக் கை ஓடவில்லை. எட்டு வருஷம் கழித்து வந்த பிள்ளை வாசல்படியோடு திரும்பிப் போன வீட்டில் என்ன சுகம் இருக்கும்?

செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து வீட்டைக் கழுவிவிட்டு, கொடுவா மீன் வாங்கி, குழம்பு கொதிக்கிற நேரத்தில் நீ வந்தாய். உன் பட்டாளத்து உடுப்பையும் பளபளவென்ற சப்பாத்தையும் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. செம்பில் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினேன். "சப்பாத்தக் கழட்டிப் போட்டுட்டு, காலக் கழுவிட்டு வாடா. அம்மா காத்துக்கிட்டுக் கெடக்கு" என்றேன். வேறு என்ன சொன்னேன்? நீ செம்பையே பார்த்துக்கொண்டு நின்றாய். "கடத்தெருவுல ஒரு வேல இருக்குக்கா, இதோ வந்துடுறேன்" என்று போனவன்தான். நீ புதுச்சேரி பஸ்ஸில் ஏறிவிட்டாய் என்று சாயங்காலம் தபால்காரர் சோமு வந்து சொன்னார்.

அம்மாவுக்குக் கண் சுத்தமாகப் போய்விட்டது. படுக்கையை விட்டு எழுவதில்லை. ஆனாலும் காலடிச் சத்தத்தை வைத்தே வருகிறவர் யார் என்று சொல்லிவிடுகிறாள். உன் குரல் அவள் காதில் விழுந்துவிட்டது, பூமி. விளக்கு வைக்கும்வரை "வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"பட்டாளத்துச் சொல்தாவுக்குச் சப்பாத்தக் கழட்ட கவுரவம் எடங்குடுக்கல" என்று தெருவில் பேசுகிறார்கள். போன வருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சண்டையில் காலில் அடிபட்டது ஆறிவிட்டது என்று எழுதியிருந்தாயே, அதைக்கூட நான் விசாரிக்கவில்லை. அதற்குள் போய்விட்டாய். உடனே பதில் போடு.

உன் அக்கா,
அஞ்சுகம்

புதுச்சேரி
25.2.1954

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன்னிடம் திட்டு வாங்கி எட்டு வருஷம் ஆகிவிட்டதால் இரண்டு தரம் படித்தேன்.

கால் நன்றாக இருக்கிறது. பட்டாளத்துச் சப்பாத்துக்கு எத்தனை முடிச்சு தெரியுமா? கழட்டி முடிப்பதற்குள் உன் குழம்பு ஆறிப்போயிருக்கும். அன்றைக்கு அவசரமாக ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்தது, பிறகு பஸ் வந்துவிட்டது. மன்னித்துக்கொள்.

அம்மாவுக்கு ஒரு கம்பளி அனுப்பியிருக்கிறேன். இன்னொரு யோசனை. அடுத்த வாரம் நான் மறுபடி வந்தால், அம்மாவைக் கட்டிலோடு வாசலுக்குத் தூக்கி வர முடியுமா? அத்தானும் இன்னொரு ஆளும் பிடித்தால் போதும். அவளுக்கும் காற்றாட இருக்கும். நான் அங்கேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவேன். கஷ்டமாக இருந்தால் வேண்டாம்.

தம்பி,
பூமிநாதன்

தலத்தெரு
3.3.1954

பூமிநாதனுக்கு,

அன்பு என்று தொடங்கப் போனேன், பேனா நின்றுவிட்டது.

புரண்டு படுக்கவே கை கொடுக்க வேண்டிய அம்மாவைத் தெருவுக்குத் தூக்கி வர வேண்டும், துரை சப்பாத்தோடு நின்று பார்ப்பாரா? நல்ல யோசனைதான் போ.

இந்த வீட்டு வழக்கத்தை உனக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? அப்பா படுத்துக் கிடந்தபோது வெள்ளைக்கார டாக்டர் வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அவர் பாஷை தெரியாமல் அம்மா வாசலை மறித்துக்கொண்டு தன் காலைக் காட்டினாள், அவர் காலைக் காட்டினாள், செம்பைக் காட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே கழட்டினார். காலுறைக் கிழிசலில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. நீயும் நானும் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவர் அப்பாவைப் பார்த்து முடிப்பதற்குள் அம்மா அந்தக் காலுறையை வாங்கித் தைத்தே கொடுத்துவிட்டாள். அந்த மனுஷருக்கு இல்லாத கவுரவமா உனக்கு?

வருவதென்றால் சப்பாத்தை வெளியே விட்டுவிட்டு வா. முடியாதென்றால் வரவே வேண்டாம்.

அஞ்சுகம்

புதுச்சேரி
17.3.1954

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியது நியாயம். அந்த வழக்கம் அப்படியே இருக்கட்டும். டாக்டரின் கட்டைவிரலை நினைத்துச் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் சிரிக்க முடியவில்லை.

என்னைப் பிரான்சுக்கு அனுப்புகிறார்கள். மார்சேயில் ஓர் ஆஸ்பத்திரியில் சில மாதம் இருக்க வேண்டுமாம். பயப்பட ஒன்றுமில்லை. ஏப்ரல் ஆறாம் தேதி கப்பல். திரும்பி வருவேனா என்று தெரியவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடு. கம்பளியைப் போர்த்திவிடு, பெட்டியில் மடித்து வைக்காதே.

என்மேல் கோபமாகவாவது இரு, அக்கா. மறந்துவிடாதே.

பூமிநாதன்

தலத்தெரு
26.3.1954

என் கண்ணே பூமி,

உன் கடிதத்தை நேற்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆஸ்பத்திரி என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன வையாதடி. அன்னிக்கு நடந்து வந்தப்ப ஒரு காலுதான் காலாட்டம் கேட்டுச்சு. இன்னொண்ணு கட்ட. திரும்பிப் போறப்பவும் கேட்டேன். அவனே மறைக்கிறப்ப நாம எதுக்குச் சொல்லிக் காட்டணும்னு பேசாம கெடந்தேன்" என்றாள்.

ஐந்து வாரமாக இதை மனசில் வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். கண் உள்ள நான் சப்பாத்தின் பளபளப்பைத்தான் பார்த்தேன். காலைக் கழுவிட்டு வா என்றேனே, எந்தக் காலைக் கழுவுவாய்? தெருவே பார்த்துக்கொண்டிருக்க எப்படிக் கழட்டுவாய்? செம்பை நீட்டிய கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

வரவே வேண்டாம் என்று எழுதியதை நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள். கப்பலுக்கு முன்னால் ஒரே ஒரு நாள் வா. சப்பாத்தோடு வா. அம்மாவே சொல்லிவிட்டாள்: "வாசல்ல செம்ப வெக்காத. அவன் கண்ணுல படக் கூடாது." செம்பை உள்ளே வைத்துவிட்டேன். வாசலிலிருந்து அம்மாவின் கட்டில்வரை பாய் விரித்திருக்கிறேன். கழுவின தரையில் கட்டைக்கால் வழுக்கிவிடக் கூடாது.

எல்லையில் கெடுபிடி, தபால் நின்று நின்றுதான் போகிறது என்கிறார் சோமு. இதை மட்டும் எப்படியாவது சேர்த்துவிடுங்கள் என்று அவரிடம் கெஞ்சியிருக்கிறேன்.

உன் அக்கா,
அஞ்சுகம்

தலத்தெரு
30.4.1954

என் தம்பிக்கு,

மார்சேய் ஆஸ்பத்திரி என்பதைத் தவிர எனக்கு விலாசம் தெரியாது. மேரி ஆபீஸில் இருக்கும் நகரசபைக் குமாஸ்தாவைக் கேட்டுப் பட்டாளத்தின் பேருக்கு இதை அனுப்புகிறேன். மார்ச்சில் உனக்கு எழுதியது பிரிக்காமலே நேற்றுத் திரும்பி வந்தது. நீ கப்பல் ஏறி இரண்டு நாள் கழித்துத்தான் அது புதுச்சேரிக்கே போயிருக்கிறது. இதோடு வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி.

படித்துவிட்டாயா? இனிச் சொல்கிறேன். பங்குனி கடைசி நாள் அம்மா போய்விட்டாள்.

கப்பல் போய்விட்டது என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை. தெருவில் யார் நடந்தாலும் தலையைத் தூக்கிக் கேட்பாள். "இது ரெண்டும் காலு. அவன் இல்ல" என்று மறுபடி தலையைச் சாய்த்துக்கொள்வாள். அவள் கடைசியாகப் பேசியதும் அதுதான். உன் அத்தான் கொள்ளி வைத்தார். உன் கம்பளியைப் போர்த்தித்தான் அனுப்பினோம்.

துக்கத்துக்கு வந்தவர்கள் யாரும் சொல்லாமலே வாசலில் செருப்பைக் கழட்டினார்கள். காலுக்குத் தண்ணீர் கேட்டார்கள். குடத்திலிருந்து மொண்டுகொள்ளுங்கள் என்றேன். அந்தச் செம்பை எடுத்துவர எனக்கு மனசு வரவில்லை.

பாயை எடுத்துவிடு என்று அத்தான் சொல்கிறார். நான் எடுக்கவில்லை. நீ எந்த வருஷம் வந்தாலும் வாசலில் நிற்காதே, தம்பி. சப்பாத்துச் சத்தம் கேட்க நடந்து நேரே உள்ளே வா.

உன் அக்கா,
அஞ்சுகம்