நான் நிறுத்தச் சொன்ன மாத்திர

ஏ நாத்தனா, இன்னிக்கு காலைல மருமவன் யூனிபாரத்த ஊற வெக்க எடுத்தேன், குப்புனு அந்த எண்ண வாசன. உன் கம்பெனில இரும்பு சாமான் துரு புடிக்காம இருக்க தடவி, பொட்டில அடுக்குவீங்களே, அதே எண்ண. அவரும் இப்ப அங்க தான வேலைக்கு போறாரு. பக்கெட்ட வெச்சுட்டு அப்படியே குந்திட்டேன். உன்னாண்ட பேசணும் போல கீது.

மொத மொத உன் விரலு வீங்கி, காலைல ஒரு மணி நேரம் கையே மடங்காம கெடந்தப்போ நாம ரெண்டு பேரும் தான டாக்டராண்ட போனோம். சரவாங்கி, அதான் முடக்கு வாதம்னாரு. "உடம்புக்கு காவலா இருக்கற அணுவே, கிருமின்னு நெனச்சு உங்க மூட்டு மேல நெருப்ப வீசுதும்மா. அந்த நெருப்போட கழிவு, இரும்ப துரு அரிக்கற மாதிரி மூட்ட அரிக்குது. அரிச்ச எடத்துக்கு இன்னும் காவல்காரன் வரான், இன்னும் வீசறான்"னாரு. வாரத்துக்கு ஒரு நாளு போடற மாத்திர குடுத்தாரு.

அவ்ளோ சொன்னதுல என் மண்டைல நின்னது துரு ஒண்ணு தான்.

சனிக்கெழம மாத்திர போட்டா, ஞாயித்துக்கெழம பூரா கொமட்டிக்கினு சுருண்டு கெடப்ப. என்னால பாக்க முடியல. கோயில்ல ஒரு அம்மா, நெல்லிக்கா சாறு உடம்பு துருவ எடுத்துடும்னாங்க. "ஆடி மாசம் அம்மனுக்கு வேண்டிக்கினு மாத்திரய தொடாத, நான் சாறு புழிஞ்சு தரேன்"னு உன்னாண்ட சொன்னேன். "உன் அம்மன் எப்ப அண்ணி டாக்டருக்கு படிச்சா?"ன்னு கிண்டல் பண்ணிக்கினே குடிச்ச. கொமட்டல் நின்னுச்சு, நீ சிரிச்ச. ஆத்தா கண்ண தொறந்துட்டான்னு தெருவெல்லாம் சொன்னேன். ஆடி போயி ஆவணியும் மாத்திர இல்லாமலே ஓடிச்சு.

புரட்டாசில உன்னால பொட்டிக்கு டேப்பு ஒட்ட முடியல. ரெண்டு விரலு கோணிக்கிச்சு. சூப்பர்வைசர் லைன்ல இருந்து எடுத்துட்டாரு. டாக்டர் எக்ஸ்ரேவ பாத்துட்டு, "நெல்லிக்கா நல்லது தான், யாரு வேணாம்னா? ஆனா நெருப்ப அணைக்கறது மாத்திர தாம்மா. கொமட்டுதுன்னு சொல்லியிருந்தா வேற வழி பண்ணியிருப்பேனே. நிறுத்த சொன்னது யாரு?"ன்னாரு.

நான் பக்கத்துலயே குந்தினு இருந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்ல. "நானா தான் சார் நிறுத்தினேன்"ன்ன.

பஸ்ல, "வாய மூடிக்கினு வா அண்ணி. எங்கண்ணன் காதுல வுழுந்தா உனக்கு தான் அர்ச்சன"ன்ன. மூடிக்கினேன். வாலாஜாபாத் வரைக்கும் நான் பேசாம வந்தது அன்னிக்கு ஒரு நாளு தான்.

ரெண்டு வருசத்துல நெஞ்சு வலின்னு போயிட்ட. அந்த நெருப்பு மூட்டோட நிக்காது, ரத்த கொழாயையும் கெடுக்கும்னு அப்பால தான் தெரிஞ்சுது. என்னாலயான்னு டாக்டர கேட்டேன். "அப்படி ஒரே காரணம்னு சொல்ல முடியாதும்மா"ன்னாரு. ஆறுதலா சொன்னாரா இன்னான்னு எனக்கு புரியல.

போன வாரம், மாடி ரூம்ல வாடகைக்கு இருக்கற திருநெல்வேலி பொண்ணு வீங்கின விரலோட வந்துச்சு. "அத்தே, நெல்லிக்கா சாறு குடிச்சா மாத்திர வேண்டாமாம்லா?"ன்னு கேட்டுச்சு. உங்கண்ணன் எதிர்ல குந்தி துண்ணுனு இருந்தாரு. கேட்டா கேக்கட்டும்னு, உன் கதைய ஒண்ணு வுடாம சொன்னேன். நிறுத்த சொன்னது நான் தான்னும் சொன்னேன்.

அவரு பாதி சோத்துல கை கழுவினு எழுந்துட்டாரு. ரெண்டு நாளு பேச்சே இல்ல. மூணாம் நாளு சோறு போடறப்போ, தட்ட பாத்துக்கினே, "தங்கச்சி உன்னாண்ட கோவிச்சுக்கினுச்சா?"ன்னு கேட்டாரு.

"ஒரு நாளும் இல்ல"ன்னேன்.

அத தாம்மா என்னால எறக்கி வெக்க முடியல.