எண்பது முடிச்சுகள்

அக்கா,

நேற்று என் மருமகள் ஒரு தோள்பை வாங்கி வந்தாள். கைத்தறித் துணி, தோல் வார். வாரில் ஓர் அட்டை தொங்கியது. அட்டையில் ஒரு பெண்ணின் படம், கீழே அவள் பட்ட கஷ்டமெல்லாம் நாலு வரியில். "எவ்ளோ நல்ல விஷயம் பாருங்க அத்தை" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. எழுந்து சமையலறைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். இன்று காலையிலிருந்தும் அப்படித்தான், ஒரு வேலையும் ஓடவில்லை. நீங்கள் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. இருந்தபோதே எழுதியிருக்க வேண்டிய மடல் இது.

எழுபதுகளின் கடைசி. வேலூருக்கு வெளியே, தொழுநோய் குணமானவர்களுக்கென்று நடந்த அந்தப் பட்டறை. பன்னிரண்டு பேர் பை தைத்தீர்கள், நான் ஆபீசில் டைப் அடித்தேன். ஆம்பூரிலிருந்து தோல் வந்து இறங்கும் நாளில் அந்த வீச்சம் என் சேலையிலும் ஏறிவிடும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்காருவாள். உங்களிடம் வந்து புலம்பினால், "உனக்கும் எங்க கதிதான் டைப்பம்மா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள்.

உங்களுக்கு நோய் போயிருந்தது. விரல்களில் உணர்ச்சி மட்டும் திரும்பி வரவில்லை, இரண்டு விரல்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. குத்தூசியின் பிடியில் துணியைச் சுற்றி உள்ளங்கையால் பிடிப்பீர்கள். ஊசியைக் குறட்டால் இழுப்பீர்கள். தையல் கோடு போட்ட மாதிரி ஓடும். வேறு யாராவது கோணலாகத் தைத்துவிட்டால் விடமாட்டீர்கள். "கைக்குத்தானே வந்துது, கண்ணு நல்லாத்தானே கீது?" என்று கேட்டு, பிரிக்க வைத்துவிட்டுத்தான் நகர்வீர்கள்.

வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது, எண்பது பைகள். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை கட்ட வேண்டும், ஆங்கிலத்தில் ஏதாவது எழுது என்றார் மேனேஜர். எழுதினேன். 'கொடிய தொழுநோயின் பிடியிலிருந்து மீண்ட கைகளால் செய்யப்பட்டது.' நல்ல வாசகம் என்று அவரும் மெச்சினார். பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி ஓடிவந்து உங்களுக்குத் தமிழில் சொன்னேன். குறட்டைக் கீழே வைத்தீர்கள்.

"எனக்கு வியாதி போயி பத்து வருஷம் ஆவுது. நீ இன்னும் எழுதினு இருக்கியே."

எனக்குக் கோபம்தான் வந்தது. நல்லது செய்ய வந்தவளுக்கு இந்தப் பேச்சா என்று. இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு அந்த அட்டையைத் திரும்பப் படித்தேன். அதில் பையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மேனேஜரிடம் போய் வேறு எழுதலாமா என்று கேட்டேன். "அந்த வரி இருந்தாத்தாம்மா ஆர்டர் ஜாஸ்தியா வரும். இல்லன்னா பன்னண்டு பேரும் சும்மா உக்காரணும்" என்றார். அதுவும் பொய்யில்லை.

பெட்டி கட்டும் நாள், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். "வா, கட்டின அட்டைய எல்லாம் எடுத்துடலாம்" என்றீர்கள். நான் கத்திரியைத் தூக்கினேன். "அத்த கீழ வை. வார்ல கீறல் விழுந்தா இன்னா ஆவுறது?" அதனால் ஒவ்வொரு முடிச்சாக நகத்தால் நெம்பி அவிழ்த்தேன். நீங்கள் பைகளை மடித்து அடுக்கினீர்கள். கடைசி முடிச்சு அவிழும்போது மேனேஜர் வாசலில் நின்றார். சாப்பிடப் போனவர்களும் அவர் பின்னால் வந்து கூடிவிட்டார்கள்.

"யாரு செஞ்சது?"

அந்த மாதம்தான் என் வீட்டுக்காரருக்கு வேலை போயிருந்தது. உங்களுக்கு அது தெரியும். "நான்தான் சார். அவங்க இப்பத்தான் வந்தாங்க" என்றீர்கள். மேனேஜர் உங்கள் விரல்களைப் பார்த்தார். வெட்டுப்படாமல் முழுசாகக் கிடந்த நூல்களைப் பார்த்தார். அந்த விரல்களால் ஒரு முடிச்சைக்கூட அவிழ்க்க முடியாது என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்டியாம்மா?"

"ஆமா சார்" என்றேன்.

திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று உங்களிடம் சொல்லிவிட்டார். "ஒரு பை பாதில இருக்குது சார், முடிச்சிட்டுப் போறேன்" என்று மட்டும் கேட்டீர்கள். அட்டைகளைத் திரும்பக் கட்டும் வேலையை என்னிடம் கொடுத்தார். கட்டினேன் அக்கா. எண்பதையும் கட்டினேன்.

பட்டறையில் நாலு மணிக்கு ஒரு வழக்கம் இருந்தது. மரத்துப்போன கையில் ஊசி குத்தினாலும் தெரியாது. கவனிக்காமல் விட்டால் புண்ணாகி விரலே போய்விடும். அதனால் வீட்டுக்குக் கிளம்புமுன் ஒருவர் கையை இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் கையைப் பார்ப்பவள் நான். அன்றும் நாலு மணிக்கு வந்தீர்கள். முடித்த பையை ஓரமாக வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல இரண்டு கைகளையும் என் மேஜைமேல் விரித்தீர்கள்.

"பாத்து சொல்லு டைப்பம்மா."

என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. "ஒண்ணும் இல்லக்கா" என்றேன், பார்க்காமலே. நீங்கள் நம்பினீர்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பேரணாம்பட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனீர்கள்.

அங்கே பள்ளிக்கூடப் பை தைத்து நன்றாகத்தான் இருந்தீர்களாம், சொன்னார்கள். உங்களைப் பார்க்க இரண்டு முறை பஸ் ஏறினேன். இரண்டு முறையும் பாதி வழியில், குடியாத்தத்தில் இறங்கித் திரும்பிவிட்டேன். நான் பட்டறையை விட்டு நின்ற நாளில், அவிழ்த்தது நான்தான் என்று மேனேஜரிடம் சொன்னேன். "தெரியும்மா" என்றார். அவ்வளவுதான், அந்தப் பொய் அதோடு முடிந்தது. மற்றது முடியவில்லை. ஞாயிறு ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும்போது இன்றும் நாக்கு அங்கேயே போய் நின்றுவிடுகிறது.

அன்று உங்கள் கையில் காயம் இருந்ததா அக்கா?