கோட் போட்டு மதகுக்குள் இறங்கிய கொப்பர்

ஸ்காபரோ,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ஸ்டெபனிக்கு,

ஆண்டவரின் கிருபையால் இங்கே நானும் கொப்பரும் சுகம், என்னுடைய முழங்காலைத் தவிர. நீயும் ஜோசுவாவும் அந்த ஹலிபக்ஸ் குளிரில் தடிமன் இருமல் இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். வட்ஸப் இருக்க அம்மா ஏன் முத்திரை ஒட்டிக் கடிதம் அனுப்புகிறா என்று யோசிப்பாய். ஐபாட் எந்நேரமும் அப்பாவின் மடியில்தான் கிடக்கிறது, நான் போனில் கதைத்தால் மனிசன் ரீவிச் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்காத மாதிரிக் கேட்டுக்கொண்டிருப்பார். இன்றைக்குத் தலைமயிர் வெட்டப் போயிருக்கிறார். வெட்ட அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் அரசியல் கதைக்க ஆட்கள் இருக்கிறார்கள், கெதியில் வரமாட்டார். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

விசயம் கடவுள் காரியமாகத்தான் தொடங்கியது. பின்னேரச் செபமாலைக்கு ஐபாட்டில் ஒரு வீடியோ போடுவோம், தெரியுந்தானே. ஒருநாள் அது முடிய அடுத்தது தானாகவே ஓடத் தொடங்கியது. பார்த்தால் எங்கடை தமிழ்ப் பெட்டை ஒருத்தி, முழங்கால் வரைக்கும் றப்பர் சப்பாத்து, நெற்றியில் லைற், மிசிசாகாவில் பூட்டிக்கிடக்கிற ஏதோ ஒரு தொழிற்சாலையின் பின்சுவரைத் தடவித் தடவி, ஓ மை கோட், இந்தச் செங்கல்லைப் பாருங்கோ, என்ன வடிவு என்று குதிக்கிறாள். கலியாண வீட்டில் தாலிக்கொடியைப் பார்க்கிறவர்கள்கூட அப்படிக் குதிக்க மாட்டார்கள். நிப்பாட்டுங்கோ என்றேன். பொறும் பாப்பம் என்றார். நதீஷா என்று பெயராம், அவளுடைய சனலுக்குப் பெயர் மூலைமுடுக்கு. ஒருவரும் திரும்பிப் பாராத இடமாகத் தேடித் தேடிப் போகிறாள். பிக்கரிங்கில் றெயில் பாதையோரம் ஒரு புல்லுப் பத்தை, பிளாசாவின் பின்பக்கம், எங்கேயோ அடைத்து வைத்த படிக்கட்டு. பார்க்க அதில் ஒரு மண்ணும் இல்லை, ஆனால் அந்தப் பிள்ளை சந்தோசப்படுகிறதைப் பார்க்க வேண்டும். நயாகராவுக்கு எத்தனை தரம் கூட்டிக்கொண்டு போனாலும் தண்ணிதானே என்று சொன்ன மனிசன், அவள் காட்டுகிற வாய்க்காலைக் கண் வெட்டாமல் பார்க்கிறார். செபமாலை இப்போது கொஞ்சம் கெதியாக முடிகிறது.

போன மாதம் அவள் காட்டியது ஒரு மதகு. றோட்டுக்குக் கீழால் ஓடை போகிற பெரிய சீமெந்துக் குழாய், பக்கத்தில் ஆள் நடக்க ஒரு கட்டு. கொப்பர் செற்றியை விட்டு எழும்பி, உது எங்கடை வேலியெல்லோ கிளடிஸ், உது என்ரை பாவற்காய்ப் பந்தலெல்லோ என்று என்னைப் பார்த்துக் கத்தினார். உண்மைதான், எங்கள் வளவுக்குப் பின்னால், நீ கொப்பரின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன மதகுதான். இந்த இடத்தைப் பற்றித் தெரிஞ்ச ஆராவது கதை சொல்ல வருவீங்களா என்று அவள் கேட்டாள். இவர் ஒரு விரலால் தட்டித் தட்டி, வீடியோவுக்குக் கீழே, உலகம் முழுக்கப் பார்க்கிற இடத்தில், முழுப்பெயர், வீட்டு இலக்கம், போன் நம்பர் எல்லாம் போட்டு, சனிக்கிழமை வரவும், மத்தியானச் சாப்பாடு உண்டு, கணவாய்க் கறி சாப்பிடுவீரோ என்று அறியத்தரவும் என்று எழுதினார். அவளும் சாப்பிடுவன் அங்கிள் என்று எழுதிவிட்டாள்.

கொப்பருக்கு வீடியோ என்றால் ஒரே ஒரு வீடியோதான் தெரியும். கலியாண வீடு, சாமத்திய வீடு, முதல்நன்மை. ஆட்கள் உடுத்து நிற்பார்கள், வீடியோக்காரர் எடுப்பார், ஆராவது கூடாமல் கதைத்திருந்தால் வெட்டுவார், நாலு தரம் போன் அடித்துச் சண்டை பிடித்த பிறகு வீட்டுக்கு ஒரு கொப்பி வரும், அதை வருகிற போகிற சனத்துக்குப் போட்டுக்காட்டி வதைப்போம். நதீஷாவின் வீடியோவைத் தினமும் பார்க்கிற மனிசனுக்குத் தான் நிற்கப்போகிற வீடியோவும் அதே மாதிரித்தான் உலகம் முழுக்கப் போகும் என்று விளங்கவில்லை. சனிக்கிழமை காலமை எனக்குக் காஞ்சிபுரம் உடுத்துவித்து, செற்றிக்குப் புது உறை போடுவித்து, மேசையில் பழத்தட்டும் வைத்துவிட்டுத் தான் கோட்டும் ரையும் போட்டுக்கொண்டு வந்தார். எந்தக் கோட் என்று கேள். உன்னுடைய கலியாணத்துக்கென்று தைப்பித்து, நீ சிற்றி ஹோலில் ஜோசுவாவோடு கையெழுத்து வைத்துவிட்டுப் போனில் அறிவித்ததால் போடக் கிடைக்காமல் போன கோட். அன்று தொட்டு அவள் முதல்ல கதைக்கட்டும் என்று இவர், அப்பா முதல்ல கதைக்கட்டும் என்று நீ. இரண்டும் ஒரே அச்சு, நடுவில் நான் சம்பளமில்லாத தபால்காரி.

நதீஷா வந்து, எங்களைப் பார்த்துத் திகைத்து, கணவாயை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, அங்கிள் வாங்கோ கீழ போவம் என்றாள். நான் சேலையோடு வேலிக்கு இஞ்சாலை நின்றுவிட்டேன். கோட் போட்ட மாப்பிள்ளை மாதிரி மனிசன் சேற்றுக்குள் இறங்கிப் போனார். உள்ளே நடந்தது எனக்குப் பிறகு என் போனில் வீடியோ பார்த்துத்தான் தெரியும். சத்தம் போட்டுப் பாருங்கோ அங்கிள், எக்கோ சூப்பரா வரும் என்று அவள் சொல்கிறாள். இவர் வாயில் கையைக் குவித்து, ஸ்டெபனீ என்று கூப்பிட்டார். அது மதகு முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. அது யார் அங்கிள் என்று கேட்டாள். என்ரை மகள், காலமையில இதுக்கால போகேக்க தன்ரை பேரைத் தானே கூப்பிட்டுச் சிரிப்பாள், நானும் கூடக் கூப்பிட்டாத்தான் மற்றப் பக்கம் வருவாள் என்றார். இப்ப எங்க என்று கேட்டாள். தூரத்தில, அவள் இல்லாமல் வீடு வீடாயில்லை பிள்ளை, போன் எடுப்பம் எண்டு ஒவ்வொரு ஞாயிறும் நினைக்கிறன், எனக்கு வெக்கமாக் கிடக்கு என்றார். சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, உந்தக் கதையை வெட்டிப்போடும் பிள்ளை என்றார். அவள் வெட்டவில்லை. ஏன் வெட்டுவாள், அந்தப் பெட்டை தேடிப் போகிறதே அதைத்தானே.

இப்போது நான் படுகிற பாட்டைக் கேள். தான் கதைத்தது வெட்டுப்பட்டுப் போச்சு என்று நினைத்துக்கொண்டு கொப்பர் எங்கள் கொப்பி எப்ப வரும் என்று கேட்கிறார். அந்த வீடியோ ஐபாட்டில் வந்த அன்றைக்கு நான் வைஃபை வேலை செய்யவில்லை என்று வயரைக் கழற்றி ஒளித்துவிட்டேன், அவள் அடுத்த வீடியோ போடும் வரைக்கும் திருப்பிப் பூட்டவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியதுதான். ஆனால் ஞாயிறு பூசை முடிய ஒவ்வொருவராக வந்து கொப்பரின் கையைப் பிடித்து, அண்ணை, மகள் போன் எடுத்தவளோ என்று கேட்கிறார்கள். பிக்கரிங் கஸ்பர் அண்ணை கட்டிப்பிடித்தே அழுதுவிட்டார். கார்க்குள் ஏறியதும், வீட்டு விசயத்தை ஊர் முழுக்கச் சொல்லித் திரியிறியோ என்று என்னிடம் பாய்கிறார். ஒரு நம்பரைத் தட்டி உன்னோடு ஒரு சொல் கதைக்க வெட்கப்பட்ட மனிசன் எழுபதாயிரம் பேருக்குச் சொல்லிப்போட்டு இருக்கிறார், பழி எனக்கு. எத்தனை நாளைக்கு இதை மறைக்கிறது, சொல்லு. ஆரோ ஒருத்தர் சொல்லித் தெரிந்தால் மனிசன் வெட்கத்தில் கோவிலுக்கும் வரமாட்டார், உனக்கும் பிறகு ஒருநாளும் எடுக்க மாட்டார். எனக்கு அந்தப் பயம்தான், வேறொன்றும் இல்லை. அதற்கு முதல் நீ அவருக்குப் போன் எடு. வீடியோ பார்த்தனான் என்று வாய் தவறியும் சொல்லாதே. பாவற்காய் எப்படி அப்பா என்று கேள், அது போதும். இந்தா கொம்மாவோட கதை என்று போனை என்னிடம் நீட்டுவார். நான் குசினியில் கை அலம்பிக்கொண்டு நிற்பேன், வாங்க மாட்டேன்.

ஜோசுவாவைத் தடித்த சொக்ஸ் போடச் சொல். வெறும் பாணும் கோப்பியுமாக இருக்காமல் ஒருநேரமாவது சோறு ஆக்கிச் சாப்பிடுங்கோ. மாதா உங்கள் இரண்டு பேரையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும், உங்கள் வீடு நிறையட்டும். இன்னுமொன்று, மறந்துவிடாதே. அந்த வீடியோவுக்குக் கீழே முன்பின் தெரியாத சனமெல்லாம் உன்னைத் திட்டி எழுதியிருக்கிறது, பிறேசிலில் இருந்துகூட ஒருவர் திட்டியிருக்கிறார். நீ கோபக்காரி, எனக்குத் தெரியும். அவர்கள் ஒருவருக்கும் மறுமொழி எழுதாதே. கூப்பிட்ட மனிசனுக்கு மட்டும் மறுமொழி சொல்லு.

இப்படிக்கு,
அம்மா